புளி சேர்க்காத அடுப்படி

போடிநாயக்கனூரில் நர்சு தேவகிருபை வேலை பார்த்த சின்னப் பிரசவ விடுதியில், ஒருத்தியின் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று பார்க்க ஓர் அட்டையும் ஒரு கட்டுத் தாளும்தான் உண்டு. விரல் நுனியில் ஊசியால் குத்தி, வரும் சொட்டை மை ஒற்றும் தாள் போன்ற வெள்ளைத் தாளில் ஒற்ற வேண்டும். ஈரம் அடங்கியதும், காய்ந்து கறுப்பதற்குள், சன்னல் பக்கம் நின்று அட்டையில் அச்சிட்டிருக்கும் சிவப்புப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். மேல் பட்டை செம்பருத்திச் சிவப்பு. கீழே வரவர அது வெளுத்துக்கொண்டே போகும். ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் ரத்தம் பெரும்பாலும் நடுப்பட்டைக்குக் கீழேதான் நிற்கும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பதால் குடலில் கொக்கிப்புழு, அரைவயிற்றுக் கஞ்சி, அடுத்தடுத்துப் பிள்ளைகள். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

1956ஆம் வருஷம் புரட்டாசியில், சிலமலையிலிருந்து வந்த சுருளியம்மாளின் சொட்டு கடைசிப் பட்டைக்கு ஒன்று மேலே நின்றது. தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். வாசல் படி ஏறி வந்ததற்கே தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

கூட வந்த தாய் மூக்கம்மாள் அட்டையைப் பார்க்கவில்லை. நர்சின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையத் தெரியுதா நர்சம்மா?"

தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு மூக்கம்மாளின் மூத்த மகள் ராஜாத்தி இதே கட்டடத்தில்தான் இறந்தாள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. பிறகு உதிரம் போயிற்று. வேறொரு பெண் என்றால் தாங்கியிருக்கக்கூடிய அளவுதான். ராஜாத்தியின் உடம்பில் இழப்பதற்கு ரத்தம் இருக்கவில்லை. அன்று மூக்கம்மாள் அழவில்லை. மாட்டுவண்டியில் மகளை ஏற்றும்போது, "சொன்னேனே, கேட்டியா? சொன்னேனே, கேட்டியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது எதைப் பற்றி என்று தேவகிருபை அப்போது கேட்கவில்லை.

இப்போது புழுவுக்கு மருந்தும், பச்சை நிறச் சர்க்கரைப் பூச்சுப் போட்ட இரும்பு மாத்திரைகளும் கொடுத்தாள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பெறகு. கீரை நெறையக் குடுங்க. மார்கழி வரைக்கும் பாப்போம். ரத்தம் ரெண்டு பட்டையாச்சும் ஏறணும். ஏறலேன்னா இங்க வச்சுப் பாக்க முடியாது, மதுரைக்குத்தான் போகணும்."

"மதுரைக்குப் போனா பொழைச்சிருவாளா?"

தேவகிருபை அட்டையை எடுத்து வைத்தாள். மதுரையிலும் ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்க வேண்டும். வலி எடுத்த பிறகு பஸ்சில் போய்ச் சேரவும் வேண்டும்.

"மதுரையெல்லாம் வேணாம்" என்றாள் மூக்கம்மாள். "இந்த வாட்டி ஒரு பிசகு வராது. பத்தியத்த நான் பாத்துக்கிறேன்."

நர்சு தலையசைத்தாள். வெளியே பெஞ்சில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பத்தியம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. தாய் மகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்வாள் என்ற அளவில் அதை எடுத்துக்கொண்டு, அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

*

மூக்கம்மாளின் புருஷன் வெள்ளைத்துரை, மலைக்காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து படுத்தவர். வைத்தியர் செந்தூரம் கொடுத்தார். புளி, எலுமிச்சை, மாங்காய், மோர், கறி, மீன் எதுவும் ஆகாது. சாப்பிட்டால் மருந்து முறிந்துவிடும் என்றார். நாற்பது நாள் போட வேண்டிய மருந்து. உடம்பு தேறி, வரப்பு வரை நடக்கத் தொடங்கிய மனிதர், ஒரு கலியாண வீட்டில் நாரத்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். அந்த வாரமே காய்ச்சல் திரும்பியது. போய்விட்டார். ஊறுகாய் இல்லாவிட்டாலும் போயிருப்பாரோ என்று யாரும் யோசிக்கவில்லை. மருந்தும் புளிப்பும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சாவு என்பதை மூக்கம்மாள் கண்ணால் கண்டவள்.

அதனால், ராஜாத்திக்கு முதன்முதலாக மாத்திரை கொடுத்தபோது, மாத்திரையும் மருந்துதானே என்று அவளே பத்தியம் வகுத்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மசக்கைக்காரி ராஜாத்தி, கட்டுக்காவலை மீறி, கலயத்திலிருந்து புளியை எடுத்து நக்கிக்கொண்டு நின்றபோது பிடிபட்டாள். தாய் அவளை அகப்பைக் காம்பால் அடித்தாள். தாய்க்கும் மகளுக்கும் நடந்த கடைசிச் சண்டை அது. பிறகு நடந்ததெல்லாம் அந்தப் புளியால்தான் என்பது மூக்கம்மாளின் முடிவு. "புளிய நக்கித்தான் போனா" என்றுதான் ஊரில் சொல்வாள்.

இந்த முறை வீட்டிலேயே புளி வைக்கவில்லை. கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். தக்காளி இல்லை, எலுமிச்சை இல்லை, மோர் இல்லை, கறி இல்லை. தானும் அதையே சாப்பிட்டாள். பாசிப்பருப்பு, மிளகு தட்டிப்போட்ட ரசம், உப்புப் போட்டு வதக்கிய முருங்கைக்கீரை. முருங்கைக்கீரைக்கு மட்டும் அவள் குறை வைக்கவில்லை. நர்சு சொன்னாள் என்று தினமும் ஒரு கட்டு. மலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் பழகிய கட்டஞ்சாயாவும் உண்டு. பாலில்லாத கறுப்புத் தேயிலைச் சாயம், கருப்பட்டி போட்டு, சாப்பாடு முடிந்த கையோடு. மாத்திரையை விழுங்கினால் சுருளிக்குக் குமட்டியது. அதனால் மூக்கம்மாள் அதைப் பொடித்துச் சாயாவில் கலக்கி, டம்ளர் காலியாகும் வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"ஆத்தா, இம்புட்டு மாங்காத் துண்டு ஒண்ணே ஒண்ணு. உப்புக்கூட வேணாம்."

"பிள்ளை பெத்துட்டு மாந்தோப்பையே தின்னு. இப்ப வாயை மூடு."

"வாயெல்லாம் தகரத்த நக்குன மாதிரி இருக்கு."

"நக்குனதுக்கு ஒருத்தி போனது போதும்."

சுருளி டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிடுவாள்.

சுருளியின் புருஷன் சோலைக்கு, குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் வேலை. பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறையில் இரவும் பகலும் தீ பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்து, ஞாயிறு மதியம் ஏறிப் போவான். வேட்டி மடிப்பில் ஏல வாசனையோடு மலை நெல்லிக்காயும் வரும். ஓடைக்குத் துணி அலசப் போகிறேன் என்று சுருளி கிளம்புவாள். அவன் பின்னாலேயே மாட்டைக் கழுவப் போவான். அவள் பாறையில் உட்கார்ந்து நெல்லிக்காயைக் கடித்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். மிச்சத்தை முந்தானையில் முடிந்து வந்து, வைக்கோல் படப்பில் செருகி வைத்து, வாரம் முழுக்கத் தின்பாள்.

"ஆத்தாவுக்குத் தெரிஞ்சா ஒன்னைய உரல்ல போட்டு இடிச்சிரும்" என்பாள்.

"ஒன்னைய இடிக்காது. வயித்துல அது பேரன் இருக்கான். நான் தனியாத்தான் இடிபடணும்."

ஐப்பசி அடைமழையில் இரண்டாவது முறை போடிக்குப் போனார்கள். சொட்டு ஒரு பட்டை ஏறியிருந்தது. தேவகிருபை இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தாள். சுருளியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். மெல்லிய சிவப்பு ஓடியிருந்தது.

"நல்லா இருக்கு மூக்கம்மாக்கா. இப்படியே போகட்டும்."

"நான்தான் சொன்னேனே!" மூக்கம்மாளின் குரல் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "கட்டுனா கட்டுன மாதிரி இருக்கணும் பத்தியம்!"

சுருளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

விஷயத்தை உடைத்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னுமணி. அவளுக்கும் மூக்கம்மாளுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. மசக்கைக்காரி சுருளி கேட்டாளே என்று ஒரு மாங்காயை வேலிக்கு மேல் நீட்டியதற்காக மூக்கம்மாள் அவளைத் தெருவில் வைத்து ஏசியிருந்தாள். குழாயடியில் அதற்குப் பதில் வந்தது.

"நான் நீட்டுனா நஞ்சு. மாப்ளை மடியில கொண்டாந்தா மருந்து போலருக்கு."

"என்னடி சொல்ற?"

"ஓடைக்கரையில போய்ப் பாரு. நெல்லி மரத்துக் கொரங்கு மாதிரி ஒம் மக கடிச்சுக்கிட்டு இருக்கா."

அந்தச் சனிக்கிழமை சோலை மழையில் நனைந்து வந்து, கூரைத் தாழ்வாரத்தில் கால் கழுவினான். மூக்கம்மாள் துண்டை நீட்டவில்லை.

"மாப்ளே, மடியில என்ன?"

"ஏலக்காத் தூசி, அத்தை."

"தூசி உருண்டையா இருக்குமோ?"

அவன் மடியை அவிழ்த்தான். நெல்லிக்காய்கள் ஈரத் தரையில் உருண்டன. மூக்கம்மாள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, தெருவில் ஓடிய மழைத்தண்ணீரில் எறிந்தாள். கத்தவில்லை. அதுதான் சோலைக்குப் பயமாக இருந்தது.

"ஒங்க மாமன் ஊறுகா தின்னு போனாரு. எம் மூத்தவ புளிய நக்கிப் போனா. எனக்கு மிச்சம் இவ ஒருத்திதான். இவளையும் அனுப்பி வச்சிட்டுத்தான் மலையேறுவீகளா?"

"அவ கேட்டா, அத்தை. வாய்க்கு நல்லா இருக்குன்னா."

"அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

சுருளி கதவோரம் நின்றாள். சோலை அவள் தலையில் கை வைத்தான். புளிப்பு எதையும் இனி கொண்டுவருவதில்லை என்றான். சொன்னபடியே இருந்தான். அன்றிலிருந்து சுருளி ஓடைக்குப் போனாலும் மூக்கம்மாள் கூடவே போனாள். சாயாவை மூன்று வேளையாக்கினாள். மழைக் குளிருக்கு நல்லது என்று.

*

மார்கழியில் எடுத்த சொட்டு, முதல் தடவை நின்ற பட்டைக்கும் கீழே, கடைசிப் பட்டையில் போய் நின்றது.

தேவகிருபை தாளைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு விரலில் குத்தி மறுபடி பார்த்தாள். அதே நிறம். சுருளியின் பாதங்கள் வீங்கியிருந்தன. பேசும்போது வாக்கியம் முடியவில்லை. முந்தானையில் பச்சரிசி முடிந்து வைத்துக்கொண்டு மென்றபடி இருந்தாள்.

"மாத்திரை போடுறியா?"

"ஒரு வேளை தப்பல நர்சம்மா" என்று தாய் சொன்னாள். "நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"கீரை?"

"தெனமும்."

அவள் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. பிள்ளை வளர வளர அதுவும் தாயின் ரத்தத்தை எடுத்துக்கொள்ளும். அது நர்சுக்குத் தெரியும். ஆனால் ஐப்பசியில் ஏறியது ஏன், இப்போது இறங்கியது ஏன்? ராஜாத்திக்கும் இப்படித்தான். மாத்திரை சாப்பிட்டாள், ஏறவில்லை. சிலருக்கு ஏறாது என்று அப்போது விட்டாயிற்று.

தேவகிருபை ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சிலமலை பஸ்சில் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சுருளி சாப்பிட்டு முடித்திருந்தாள். தட்டில் கீரைத் தண்டுகள் ஒதுங்கிக் கிடந்தன. சோலை மலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தவன், நர்சைப் பார்த்து எழுந்து நின்றான். மூக்கம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. பாயை உதறிப் போட்டாள். "இருங்க, இருங்க. இவ மருந்தக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று டம்ளரைக் கொண்டுவந்தாள்.

தேவகிருபை டம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சாயாவின் நிறம் செம்மை. இது செம்மையாக இல்லை. சாய்த்தால் டம்ளரின் ஓரத்தில் கருநீலமாகப் படிந்தது.

"இதுல என்ன போட்டீங்க?"

"நீங்க குடுத்த மாத்திரைதான். பொடிச்சுப் போட்டேன். முழுங்க மாட்டேங்குறா."

"எம்புட்டு நாளா?"

"மொதல்லருந்தே."

"சாப்பிட்டதும் எப்பவும் இந்தச் சாயாதானா?"

"மலையில அதுதானே பழக்கம்."

நர்சு டம்ளரைத் தரையில் வைத்தாள். "அக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மை எப்படிக் காய்ச்சுறாங்கன்னு பாத்திருக்கீங்களா?"

பதில் சொன்னது சோலை. "கடுக்காயும் அன்னபேதியும்."

"அன்னபேதி இரும்பு. கடுக்காயில இருக்கிறது துவர்ப்பு. ரெண்டும் சேர்ந்தா மை. இந்த மாத்திரையும் அன்னபேதிச் சாதிதான். சாயாவுலயும் துவர்ப்பு இருக்கு. இவளுக்கு இத்தனை மாசமா நாம மையைக் காய்ச்சிக் குடுத்திருக்கோம்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "சாயாவப் பத்தி எனக்கு யாரும் படிச்சுக் குடுக்கல. இந்த டம்ளரைப் பாத்துத்தான் சொல்றேன். ஆனா வேற ஒண்ணு, மதுரையிலருந்து வர்ற லேடி டாக்டர் சொன்னது. மாத்திரையோட ஆரஞ்சு குடுக்கச் சொன்னாங்க. இங்க யாருக்கு ஆரஞ்சு கெடைக்கும்னு நான் யாருகிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். கீரையில இரும்பு இருந்தாலும் ஒடம்பு அதை லேசுல எடுத்துக்காது. புளிப்பு கூடப் போனாத்தான் எடுத்துக்கும். எலுமிச்சம்பழம் இருக்கா? கொண்டாங்க, இப்பவே பிழிஞ்சு குடுப்போம்."

யாரும் அசையவில்லை.

"எலுமிச்சை இல்லேன்னா புளியாவது."

"இந்த வீட்டுல புளி கெடையாது" என்றாள் மூக்கம்மாள்.

"தீந்துபோச்சா?"

"வைக்கிறதில்ல. மருந்து திங்கிற பிள்ளைக்கு ஆகாது."

அப்போதுதான், புரட்டாசியில் காதில் விழுந்த பத்தியம் என்ற சொல், தேவகிருபைக்கு முழு அர்த்தத்தோடு வந்து சேர்ந்தது. எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கக் கேட்க, மூக்கம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒளிக்க ஒன்றும் இல்லை. இதற்குப் பாராட்டு வர வேண்டும் என்பது போலத்தான் சொன்னாள்.

சுவரில் சாய்ந்திருந்த சுருளி மெல்லக் கண் திறந்தாள். "நர்சம்மா, ஐப்பசியில நல்லா இருக்குன்னீங்கள்ல. அப்ப நான் நெல்லிக்கா தின்னுக்கிட்டு இருந்தேன். இவுகதான் கொண்டாந்தாக. ஆத்தாவுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் நிறுத்திருச்சு."

"எத்தனை நாள் தின்ன?"

"அந்த மாசம் முழுக்க. வெறும் வயித்துல, சோத்தோட, எப்ப கெடைச்சாலும்."

தேவகிருபை சோலையைப் பார்த்தாள். அவன் தன் மாமியாரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

மூக்கம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அவள் கேட்ட கேள்வி சுருளியைப் பற்றியதாக இருக்கவில்லை.

"அப்ப ராசாத்தி?"

தேவகிருபைக்குக் கேள்வி புரிந்தது. அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லலாம். ஒரு தாய் நிம்மதியாக உறங்குவாள். ஆனால் சம்பந்தம் இல்லையென்றால் இந்தப் பத்தியத்தை உடைக்கவும் காரணம் இல்லை. நர்சு பஸ் ஏறியதும் கலயம் கவிழ்ந்தே கிடக்கும், சாயா கொதிக்கும், தையில் சுருளி வண்டியில் வருவாள்.

"உறுதியாச் சொல்ல எனக்குத் தெரியாது" என்றாள். "இன்னும் கொஞ்சம் ரத்தம் இருந்திருந்தா தாங்கியிருப்பா. புளிப்பு தின்னிருந்தா அந்தக் கொஞ்சம் இருந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அவ நக்குனது..."

"நக்குனதால ஒண்ணும் கெடல அக்கா. அவ ஒடம்பு கேட்டிருக்கு."

மூக்கம்மாள் தரையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"மாத்திரை குடுத்தது நான்" என்றாள் தேவகிருபை. "வீட்டுல என்ன சமைக்கிறீங்கன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை நான் கேக்கல. இவளுக்கும் கேக்கல. பத்தியம்னு நீங்க சொன்னது காதுல விழுந்தும் கேக்கல."

அந்தப் பேச்சை மூக்கம்மாள் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. திரும்பி அடுப்படிக்குள் போனாள். உள்ளே பாத்திரம் எதுவோ உருண்டது. சோலை எழுந்தான், சுருளி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள். நர்சு, தான் சொன்னது தப்போ என்று நினைத்தாள். இந்தத் தாய் இனி யார் பேச்சையும் கேட்காமல் போகலாம்.

மூக்கம்மாள் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, பொன்னுமணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

பொன்னுமணி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன, இந்தப் பக்கம்? வழி தெரியாம வந்துட்டியா?"

"கொஞ்சம் புளி குடு, பொன்னுமணி. எலுமிச்சை இருந்தா அதுவும்."

பொன்னுமணிக்கு நாக்கு நுனியில் ஏதோ வந்தது. மூக்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று மதியமே சோலை தன் சத்தியத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டு மலையேறினான். அடுத்த சனிக்கிழமை அவன் ஒரு சாக்கு நெல்லிக்காயோடு இறங்கினான். தோட்டத்துக் கமலா ஆரஞ்சும் அதில் கலந்திருந்தது. மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு, கீரைக்கும் எலுமிச்சை, கம்பஞ்சோற்றுக்குப் புளிக்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் வாங்கி, மிளகு போட்டு வறுத்தார்கள். சாயாவை மூக்கம்மாள் அடியோடு நிறுத்தவில்லை. மகள் கெஞ்சினால், சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, மாத்திரை நேரத்துக்குத் தள்ளியே கொடுத்தாள். பழைய மூர்க்கத்தோடுதான் இதையும் செய்தாள். சுருளிக்குப் பல் கூசியது.

"ஆத்தா, போதும். நாக்கு தோல் உரியுது."

"தின்னு."

"முன்னாடி கேட்டேன், அடிக்க வந்த. இப்ப வேணாங்குறேன், அடிக்க வர்ற."

மூக்கம்மாள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சு உடனே வரும். நர்சு வந்துபோனதிலிருந்து அவள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

*

மதுரைக்குப் போக நாள் குறிப்பதற்குள், தை மாதக் கடைசியில் ஒரு காலையில் வலி எடுத்தது. போடிக்கே கொண்டுவந்தார்கள். தேவகிருபை முதலில் செய்த காரியம் விரலில் குத்தியதுதான். கீழிருந்து இரண்டாவது பட்டைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே வந்திருந்தது. இரண்டு பட்டை ஏற வேண்டும் என்று சொன்ன அளவை, மார்கழியிலிருந்து எண்ணினால் ஏறக்குறையத் தொட்டிருந்தது, புரட்டாசியிலிருந்து எண்ணினால் தொடவில்லை.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. பிறகு உதிரம் வந்தது.

ராஜாத்திக்குப் போன அளவுதான் போனது. தேவகிருபை ஊசி போட்டாள். அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஆயாவிடம் சொல்லிக் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினாள். சுருளியின் உதடு வெளுத்தது. நாடி ஒரு நூலைப் போல ஓடியது. அது அறுந்துவிடும் என்று நர்சு எதிர்பார்த்த இடத்தில் அறுபடவில்லை. மெலிந்தது, நின்றது போலிருந்தது, மறுபடி ஓடியது. கர்ப்பப்பை அவள் கைக்குள் கல்லாக இறுகியது. சாயங்காலம் சுருளி தண்ணீர் கேட்டாள்.

தேவகிருபை கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். மூக்கம்மாள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சோலை வேப்பமரத்தடியில் நின்றிருந்தான்.

"இருக்கா" என்றாள் நர்சு.

சோலை உள்ளே ஓடினான். மூக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, ராஜாத்தி இறந்த அன்று அழாத அழுகையை அழுதாள். உள்ளே பெண்பிள்ளை பிறந்த வருத்தத்தில் அழுகிறாள் என்று பெஞ்சில் இருந்த பெண்கள் நினைத்தார்கள். "பொம்பளப் பிள்ளைன்னா என்ன ஆத்தா, மகாலச்சுமி" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள்.

நடக்கும் தெம்பு வந்த பிறகு சுருளியைச் சிலமலைக்கு அழைத்துப்போனார்கள். போன ரத்தத்தை இனிமேல்தான் சேர்க்க வேண்டும். மாத்திரை இன்னும் மாதக்கணக்கில் போக வேண்டும் என்று நர்சு சொல்லியிருந்தாள். பிள்ளை பார்க்க வந்தவர்கள் பூண்டும் சுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்தார்கள். பெற்றவளின் சாப்பாட்டுக்கு ஊருக்கு ஊர் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிலமலையில் அது மூக்கம்மாள் வகுத்த கர்ப்பகாலப் பத்தியத்தைவிடக் கடுமை.

பொன்னுமணி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். மூக்கம்மாள் தட்டில் சோறும் முருங்கைக்கீரையும் வைத்து, எலுமிச்சம்பழத்தை அரிவாள்மணையில் இரண்டாக அறுத்ததைப் பார்த்ததும் பதறினாள்.

"அடியே, என்ன பண்ற? வயித்துல இருக்கும்போது கேட்ட, நர்சு சொன்னாகன்னு சொன்ன, நானும் குடுத்தேன். இப்ப பச்ச ஒடம்பு. புளிப்பு தின்னா பால் திரிஞ்சு பிள்ளைக்கு மாந்தம் வராதா? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

வந்திருந்த பெண்கள் எல்லாரும் மூக்கம்மாளைப் பார்த்தார்கள். பத்தியத்துக்குப் பேர்போனவள், தெருவில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் இதைக் கொடு, இதைக் கொடுக்காதே என்று முன்னால் போய் நின்றவள்.

"ராசாத்திக்கு நான் குடுக்கல" என்றாள் அவள்.

அதுவரை அந்தத் தெரு அவள் வாயால் கேட்டதெல்லாம், புளியை நக்கிப் போனாள் என்பதுதான். பொன்னுமணி குழந்தையின் பக்கம் குனிந்துகொண்டாள். மூக்கம்மாள் விதைகளை விரலால் தள்ளிவிட்டு, ஒரு பாதியைக் கீரையின் மேல் பிழிந்தாள். பிறகு இன்னொரு பாதியையும் எடுத்துப் பிழிந்து, தட்டை மகளின் முன்னால் நகர்த்தினாள்.